முகத்தை ஏமாற்ற வேண்டியே இருக்கவில்லை: ஒரு ஃபேஸ் மெஷினின் 24 ஓட்டைகள்

2024 ஜூனில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆபீஸ் வாசலில் மாட்டுகிற முகம் பார்க்கும் மெஷின் ஒன்றை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்ததில் 24 பாதுகாப்பு ஓட்டைகள் கிடைத்தன என்பதுதான் சாராம்சம். தயாரிப்பாளர் சீனாவின் ஜெட்கேடெக்கோ, இந்த வகை மெஷின்களில் உலக அளவில் பெரிய கை. கொஞ்ச நாள் தொழில்நுட்ப வட்டாரத்தில் பேசினார்கள், அப்புறம் அடங்கிவிட்டது. எனக்கென்னவோ முக அடையாளத் தொழில்நுட்பத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கேஸ் இல்லை என்றுதான் தோன்றுகிறது. காரணம், அந்த 24 ஓட்டைகளில் ஒன்றுகூட முகத்தை அடையாளம் காணும் ஏஐ மாடலில் இல்லை. மாடல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கதவு வேறு வழியாகத் திறந்தது.

முதலில் மெஷின். பார்த்திருப்பீர்கள்: கறுப்புக் கண்ணாடிமுகம், உள்ளே ஒரு திரை, மேலே கேமரா, முன்னால் போய் நின்றால் பச்சை விளக்கு எரிந்து பெயர் வரும், கதவு 'டக்' என்று விடும். கொரோனா சமயத்தில் எல்லோரும் ஒரே கைரேகைக் கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று ஆனபிறகு நம் ஊர்க் கல்லூரி, மில், ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் என்று இது பரவலாக வந்துவிட்டது. வாங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: எத்தனை பேரைப் பதியலாம், எவ்வளவு வேகமாக அடையாளம் காணும். "நெட்வொர்க்கில் மாட்டினால் என்னவெல்லாம் திறந்திருக்கும்?" என்று கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

காஸ்பர்ஸ்கி எடுத்துக்கொண்ட மெஷினில் உள்ளே நுழைய நான்கு வழி உண்டு. முகம், கடவுச்சொல், அட்டை, க்யூஆர் கோடு. விளம்பரத்தில் முகம்தான் கதாநாயகன், மற்ற மூன்றும் வசதிக்கு. பாதுகாப்பு என்று பார்த்தால் கணக்கு தலைகீழ். நான்கு வழியில் எது பலவீனமோ அதுதான் அந்தக் கதவின் பலம். தேக்குக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைக் கீற்றுத் தட்டியால் மறைத்த கதை.

அந்தக் கீற்றுத் தட்டி இங்கே க்யூஆர் கோடு.

சாதாரணமாக நடப்பது இது. விருந்தினருக்கோ ஊழியருக்கோ ஒரு க்யூஆர் கோடு கொடுப்பார்கள். அதற்குள் இருப்பது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். மெஷினிடம் காட்டினால் அது எண்ணைப் படித்து, தனக்குள் இருக்கும் டேட்டாபேஸிடம் "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று கேட்கும். ஆள் இருந்தால் கதவு திறக்கும். இந்தக் கேள்வி எஸ்க்யூஎல் மொழியில் ஒரு வாக்கியமாகப் போகிறது, க்யூஆரில் படித்தது அந்த வாக்கியத்தின் நடுவே ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் உட்காருகிறது. சரி, க்யூஆருக்குள் எண்ணுக்குப் பதில் யாராவது ஒரு மேற்கோள் குறியையும் அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் எஸ்க்யூஎல்லையும் எழுதி வைத்தால்? மெஷின் அதை அப்படியே எடுத்து வாக்கியத்தில் ஒட்டியது. உள்ளே இருந்த மேற்கோள் குறி, எண் இருக்க வேண்டிய இடத்தை அங்கேயே மூடிவிட்டது. மிச்சம் இருந்தது டேட்டாபேஸுக்கு இன்னொரு நிபந்தனையாகத் தெரிந்தது. "இந்த எண்ணுக்கு உரியவர், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருந்தால் யாராக இருந்தாலும் சரி" என்கிற மாதிரி. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். கதவு திறந்தது.

எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். இதை விளக்கிய கட்டுரைகள் 1998 முதலே இருக்கின்றன. வெப்சைட் லாகின் பக்கத்தில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் புதிதாகச் சேர்ந்த டெவலப்பரைக்கூடத் திட்டுவார்கள். தடுக்கும் முறையும் ரொம்பப் பழையது: கேள்வியையும் வெளியிலிருந்து வரும் மதிப்பையும் ஒரே வாக்கியமாக ஒட்டாமல் தனித்தனியாக டேட்டாபேஸிடம் கொடுக்க வேண்டும், தீர்ந்தது. அப்படியிருந்தும் இங்கே எப்படித் தப்பியது? எழுதியவர்களுக்கு க்யூஆர் கோடு 'வெளியிலிருந்து வரும் உள்ளீடு' என்றே தோன்றவில்லை என்பது என் ஊகம். டைப் செய்கிற இடம் இருந்தால் சந்தேகப்படுவார்கள். கேமரா படித்துக் கொடுப்பதைப் படம் என்று நம்பிவிடுகிறார்கள். கருப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பதும் எழுத்துதான், அதை எவனும் தன் போனில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகப் பொதுவாகத் தரும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2023-3938 என்று எண் கொடுக்கப்பட்ட இந்த ஓட்டையில் இன்னொரு விபரீதம் உண்டு. இப்படி நுழையும்போது அந்தக் கோரிக்கையை, கடைசியாக அனுமதி பெற்ற உண்மையான ஊழியரிடமிருந்து வந்ததாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறது என்கிறது அறிக்கை. அப்படியானால் வருகைப்பதிவில் விழக்கூடியது அந்த ஊழியரின் பெயர். பொருள் காணாமல் போய் விசாரணை என்று வந்தால் "மெஷின் பொய் சொல்லாது" என்று சொல்கிற மேனேஜர்கள் நம் ஊரில் நிறைய. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன ஆளை மெஷின் பதிவைக் காட்டி நிறுத்திவைத்தால் அவர் என்னத்தைச் சொல்லித் தப்பிப்பது? முகம் பார்க்கும் மெஷின் என்பதாலேயே அந்தப் பதிவுக்கு ஓர் அசாத்திய நம்பகத்தன்மை வந்துவிடுகிறது. அட்டை என்றால் "யாரோ என் அட்டையை எடுத்துப் போயிருக்கலாம்" என்றாவது சொல்லலாம்.

கூடவே, க்யூஆருக்குள் அளவுக்கு மீறி நிறையத் திணித்துக் காட்டினால் மெஷின் நிலைகுலைந்து ரீஸ்டார்ட் ஆனது. அது கதவைத் திறக்காது, ஆனால் வாசலில் நிற்கிற ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டே மெஷினைப் படுக்க வைக்கலாம்.

நெட்வொர்க் பக்கம்

வாசலில் நடந்தது இவ்வளவு. மீதி எல்லாம் நெட்வொர்க் வழியாக, ஆகவே மெஷின் முன்னால் வந்து நிற்கவே வேண்டாம்.

இந்த மெஷின்கள் 4370 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண் மாதிரி) தயாரிப்பாளரின் சொந்த மொழியில் பேசும். ஆபீஸ் கணினியில் இருக்கும் வருகைப்பதிவு மென்பொருள், யார் எப்போது வந்தார் என்ற பட்டியலை இந்த வழியாகத்தான் இழுக்கிறது. அதற்கு ஒரு கடவுச்சொல் உண்டு, 'காம் கீ' என்பார்கள். அதிகபட்சம் ஆறு இலக்க எண். எழுத்துக் கலக்க முடியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதன் மதிப்பு 0. பூஜ்ஜியம் என்றால் கடவுச்சொல்லே இல்லாத மாதிரிதான், யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லும். மாற்றினாலும் மொத்தம் பத்து லட்சம் சாத்தியங்கள்தான், ஒரு கணினிக்கு அதெல்லாம் ஒரு எண்ணிக்கையே இல்லை.

நடைமுறையில் இதை யார் மாற்றுகிறார்கள்? நம் ஊரில் பெரும்பாலும் சிசிடிவி மாட்டுகிறவரே இதையும் மாட்டுவார். சுவரில் துளை போட்டு, லாக்குக்கு வயர் இழுத்து, ஐபி முகவரி கொடுத்து, மென்பொருளில் 'கனெக்டட்' என்று வந்தவுடன் காசை வாங்கிக்கொண்டு கிளம்புவார். காம் கீயை மாற்றினால் மென்பொருளிலும் மாற்ற வேண்டும், நாளைக்கு மென்பொருள் இணையவில்லை என்று போன் வரும், எதற்கு வம்பு? அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருக்குக் கொடுக்கும் காசு துளை போடுவதற்குத்தான்.

இந்தப் போர்ட் வழியாகக் கேள்வி கேட்கும்போது மெஷின் எதைச் சரிபார்க்க வேண்டுமோ அதைச் சரிபார்க்கவில்லை. 24 ஓட்டைகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் 6, பஃபர் ஓவர்ஃப்ளோ (நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்கு மீறித் திணிப்பது) 7, கட்டளை இன்ஜெக்‌ஷன் 5, நினைத்த ஃபைலை எழுதும் ஓட்டை 4, நினைத்த ஃபைலைப் படிக்கும் ஓட்டை 2. ஒரே ரகத் தவறுகள் திரும்பத் திரும்ப வந்ததால் எல்லாவற்றையும் ஆறு சிவிஇ எண்களுக்குள் அடக்கிவிட்டார்கள். கட்டளை இன்ஜெக்‌ஷன் ரகத்தில், நாம் அனுப்பும் கட்டளை மெஷினின் உச்சபட்ச அதிகாரத்துடன் ஓடுகிறது. அதாவது அந்தச் சுவர் மெஷின் அப்புறம் தாக்குபவருடைய கணினி. அதில் இருந்துகொண்டு அதே நெட்வொர்க்கில் உள்ள சம்பளக் கணினியையோ சர்வரையோ சாவகாசமாகத் தட்டிப் பார்க்கலாம்.

ஃபைலைப் படிக்கும் ஓட்டை வழியாக ஊழியர்களின் முகத் தரவும் கடவுச்சொல் ஹேஷ்களும் (கடவுச்சொல்லை உருமாற்றி வைத்த வடிவம்) வெளியே வரும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முக அடையாளம் என்பது இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இல்லை. நியூரல் நெட்வொர்க் உங்கள் முகத்தை ஓர் எண் வரிசையாக மாற்றுகிறது (2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட்டில் ஒரு முகத்துக்கு 128 எண்கள்), நாளை நீங்கள் வந்து நிற்கும்போது புதிதாக வரும் எண் வரிசை பழையதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளக்கிறது. தூரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் நீங்கள்தான். "படத்தை வைத்துக்கொள்வதில்லை, வெறும் எண்கள்தான்" என்று விற்பனையாளர்கள் ஆறுதல் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் பல மெஷின்கள் பதிவு செய்த படத்தையும் சேர்த்தே வைத்திருக்கும். பச்சை விளக்கோடு திரையில் உங்கள் மூஞ்சி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? எண்கள் மட்டும் போனாலும் கதை முடிந்துவிடுவதில்லை, அவற்றிலிருந்து முகத்தை ஓரளவு மீட்டு வரைய முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். மூஞ்சியை என்ன செய்வது?

உள்ளே எழுத முடிந்தால்

இந்தக் கேஸில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான இடம் சிவிஇ-2023-3941. படிப்பதற்குப் பதில் எழுதுவது. இதன் மூலம் டேட்டாபேஸில் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கலாம், அவருக்கு ஒரு படத்தையும் கொடுக்கலாம். ஒரு திருடன் தன் சொந்தப் படத்தை ஏற்றிவிட்டு, மறுநாள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு நேராக வந்து மெஷின் முன்னால் நிற்கிறான். முகமூடி இல்லை, போலிப் படம் இல்லை. கேமரா பார்க்கிறது, மாடல் எண் வரிசை எடுக்கிறது, பொருத்துகிறது, பொருந்துகிறது. உயிருள்ள ஆள்தானா என்ற சோதனையிலும் தேறுகிறான், அவன் உயிருள்ள ஆள்தானே. 99 சதவீதத் துல்லியம் என்று விற்கப்பட்ட மாடல் 99 சதவீதத் துல்லியத்தோடு திருடனை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுகிறது. துல்லியத்தை இன்னும் கூட்டினால் அவனுக்கு இன்னும் சௌகரியம்.

முக அடையாளத்தின் பாதுகாப்பை மாடலின் தரத்தை வைத்து அளப்பது ஏன் சரிப்படாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாடல் சொல்வது "இவர் பட்டியலில் உள்ள இன்னார்" என்பதை மட்டும்தான். பட்டியலில் இன்னாரைச் சேர்த்தது யார் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது வேறு ஆட்களின் வேலை.

இது ஜெட்கேடெக்கோவுக்கு மட்டும் உரிய நோய் என்றும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் தென்கொரியாவின் சுப்ரிமா நிறுவனத்து பயோஸ்டார் 2 என்ற கதவுக் கட்டுப்பாட்டு அமைப்பின் டேட்டாபேஸ் இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்ததை இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கணக்குப்படி 2.78 கோடி பதிவுகள், 23 ஜிபி. கைரேகை, முகத் தரவு, மறைக்காமல் அப்படியே எழுதி வைத்த கடவுச்சொற்கள். அங்கேயும் புதிய ஆளைச் சேர்க்கவோ இருக்கிறவரின் கைரேகையை மாற்றவோ முடியும் என்றார்கள். ஐந்து வருட இடைவெளி, வேறு நாடு, வேறு நிறுவனம், ஆனால் அதே பட்டியல், அதே எழுதும் உரிமை.

அப்படியானால் முகத்தை ஏமாற்றுவதெல்லாம் கட்டுக்கதையா?

இல்லை. 2016-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வண்ணக் கோலம் அச்சடித்த கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு நியூரல் நெட்வொர்க்கைக் குழப்பினார்கள், ஆண் ஆய்வாளர் ஒருவரை நடிகை மிலா ஜோவோவிச் என்று சொல்ல வைத்தார்கள். 2017 நவம்பரில் வியட்நாமின் பிகேஏவி நிறுவனம் சுமார் 150 டாலர் செலவில் ஒரு முகமூடி செய்து ஐபோன் டென்னைத் திறந்து காட்டியது. செய்திக்கு நல்ல தீனி. ஆனால் இரண்டுமே ஆய்வுக்கூடச் சாதனை, ஆளை அளவெடுத்து, பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

காசுக்காக நிஜமாகவே செய்தவர்கள் எந்த வழியில் போனார்கள் என்று பார்க்க ஷாங்காய்க்குப் போக வேண்டும். அங்கே வரித்துறையின் முகச் சோதனையைத் தாண்டி 50 கோடி யுவான் அளவுக்குப் போலி இன்வாய்ஸ்கள் போட்ட இருவரின் வழக்கு 2021-ல் வெளியே வந்தது. மற்றவர்களின் தெளிவான படங்களையும் தகவல்களையும் விலைக்கு வாங்கி, ஒரு செயலி மூலம் அந்தப் படங்களைத் தலையாட்ட வைத்து, கண் சிமிட்ட வைத்து, வாய் திறக்க வைத்து வீடியோவாக்கினார்கள். அந்த வீடியோவைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டவில்லை. சோதனை நேரத்தில் கேமரா வேலையே செய்யாதபடி மாற்றியமைத்த போனை வைத்துக்கொண்டு, கேமராவிலிருந்து வருகிற இடத்தில் இந்த வீடியோவைச் செருகினார்கள். அவர்கள் கைவைத்ததும் மாடலில் இல்லை, கேமராவிலிருந்து மென்பொருளுக்குப் படம் வருகிற குழாயில்தான். கண் சிமிட்டச் சொல்லிச் சோதிக்கும் மென்பொருள், தனக்கு வருகிற படம் கேமராவிலிருந்துதான் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டிலும் ஒன்று நடந்தது. 2024 மே மாதம், அதாவது காஸ்பர்ஸ்கி அறிக்கைக்குச் சில வாரங்கள் முன்னால், நம் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா கிளை உருவாக்கியது அந்தத் தளம். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவு போனதாகத் தெரிகிறது, அந்தக் கணக்கை வைத்துப் புதிய பயனர்களை உருவாக்கவும் எத்தனை தேடல்கள் நடந்தன என்று பார்க்கவும் மட்டுமே முடியும் என்பது காவல்துறை கொடுத்த விளக்கம். விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், 'புதிய பயனர்களை உருவாக்கவும் மட்டும்' என்பதில் அந்த 'மட்டும்' எனக்கு உறுத்துகிறது. பயனரை உருவாக்க முடிந்தவன் தேடலையும் செய்து பார்க்கலாமே. லட்சக்கணக்கான முகங்கள் பின்னால் இருக்கும் ஓர் அமைப்பின் வாசலில் ஒரு கடவுச்சொல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வாசல் மெஷினுக்கு வருவோம்

காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்ததையெல்லாம் வெளியிடுமுன் தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டதாகவும், அறிக்கை வெளியான நேரத்தில் ஓட்டைகள் அடைக்கப்பட்டனவா என்பது பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தது. இதைவிடப் பெரிய தலைவலி, இந்த மெஷின்கள் வேறு வேறு விநியோகஸ்தர்களின் பெயரில் விற்கப்படுகின்றன. முகப்பில் உள்ள லோகோவைப் பார்த்து "எங்களது அந்தக் கம்பெனி இல்லை" என்று சொல்லிவிட முடியாது. உள்ளே ஓடுவது அதே மென்பொருளாக இருக்கலாம்.

ஆபீஸிலோ அபார்ட்மென்ட்டிலோ இதற்குப் பொறுப்பாக இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு, அதில் பாதிக்குக் காசே ஆகாது. க்யூஆர் வசதியை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் இன்றைக்கே அணைத்துவிடலாம், பெரும்பாலான இடங்களில் யாரும் பயன்படுத்துவதில்லை. மெஷினைச் சம்பளக் கணினியும் வைஃபையும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் விடாமல் தனியாகப் பிரித்து, வருகைப்பதிவு மென்பொருள் உள்ள ஒரே ஒரு கணினி மட்டும் அதனிடம் பேசும்படி வைக்க வேண்டும். வீட்டிலிருந்து ரிப்போர்ட் பார்க்க முதலாளி ஆசைப்பட்டார் என்று ரவுட்டரில் 4370-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிட்ட இடங்கள் உண்டு. அது இருந்தால் முதல் வேலையாக மூடுங்கள். காம் கீயையும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஆறு இலக்கம் பெரிய காவல் இல்லைதான், பூஜ்ஜியத்துக்கு மேல்.

மாதம் ஒருமுறை பயனர் பட்டியலை எடுத்துச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எழுதும் ஓட்டையைப் பிடிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான், இதற்கு ஹேக்கரும் வேண்டாம் ஆடிட்டரும் வேண்டாம். பட்டியலில் இருந்து சம்பளத்தில் இல்லாத பெயர் யார் என்று கேட்டால் போதும். தாக்குதல் இல்லாவிட்டாலும், வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆனவர்களின் முகங்கள் இன்னும் உள்ளே இருப்பது அப்போது தெரியவரும். அவற்றை அழித்துவிடுங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் தகுந்த முறையில் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இல்லாத தரவைப் பாதுகாக்கத் தேவையில்லை.

மெனுவுக்குள் 'சிஸ்டம் இன்ஃபோ' பகுதியில் மெஷினின் மாடல் பெயரும் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) எண்ணும் இருக்கும். போனில் படம் எடுத்து, மெஷினை விற்றவருக்கு அனுப்பி, 2024 ஜூனுக்குப் பிறகு இதற்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். "அது பழைய மாடல் சார், அதுக்கெல்லாம் அப்டேட் வராது" என்று பதில் வந்தால், கேன்டீன் வாசலிலும் வருகைப்பதிவுக்கும் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சர்வர் ரூம், கேஷ் ரூம், மருந்துக் கிடங்கு வாசல்களில் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு நல்ல பூட்டும், சாவிக்கு ஒரு கையெழுத்து நோட்டும் போடுங்கள்.